வெள்ளைச் சமாசாரம்

எங்கள் மாடித் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. வாளிகள், வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்துவிட்டு மூலையில் போட்டுப்போனவை. ஓரம் உடைந்த பிளாஸ்டிக் கிரேட்டுகள், லாரி ஓட்டும் ஆதிகேசவன் பங்காருபாளையம் மாங்காய் மண்டியிலிருந்து கொண்டுவந்து தந்தவை. ஆதிகேசவன் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளின் புருஷன். கிரேட்டுக்குள் மண் நிற்க, என் அகத்துக்காரர் யதிராஜனின் பழைய வேஷ்டிகளை விரித்தேன். கோவில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்பவர், கிழிந்த வேஷ்டிக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை.

அத்தனையும் திருத்துழாய்க்காக. துளசியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் அகத்துப் பெருமாளுக்குத் தினமும் துழாய் சாத்தியாக வேண்டும். கடைத்தெருவில் வாங்கினால் பாதி வாடல், மீதி காம்பு. திருப்பதியில் புரட்டாசி பிறந்துவிட்டால் அதற்கும் அடிதடி. இந்தப் புரட்டாசி முதல் சனிக்கிழமை என் செடித் துழாய்தான் பெருமாளுக்கு என்று பிடிவாதமாக இருந்தேன்.

"ஆசாரமா வளர்த்தா பறிக்கறேன். கண்ட குப்பையில வளர்ந்தது பெருமாளுக்கு ஆகாது," என்றார் யதிராஜன்.

சொல்வது சுலபம். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் எவ்வளவு காய்த்தோல் விழும்? களைந்த பூவையும் சேர்த்துப் போட்டும் உர வாளி பாதிகூட ஏறவில்லை. எரிச்சலில் பச்சையம்மாளையே கேட்டேன்.

"காய்த்தோல் இருந்தா இதுல போடு. வெங்காயத் தோல் வேண்டாம். அப்புறம் அந்த... வெள்ளைச் சமாசாரமும் வேண்டாம்."

முட்டை என்று என் வாயில் வராது. பிறந்ததிலிருந்து சொன்னதில்லை.

"எனுக்குத் தெரியாதா மாமி? பாத்துப் போட்றேன்," என்றாள்.

எனக்கு முழங்கால் மடங்காது. அதனால் வாளியைக் கிளறி, செடிகளுக்கு அள்ளிப் போடுவதும் அவள் வேலையாயிற்று. துழாய் மளமளவென்று தழைத்தது. வாசனை படிக்கட்டு வரை இறங்கி வந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கடைத்தெருத் துழாய்க்காரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மறுநாளைக்குச் செடி அழகாக இருக்கட்டும் என்று நானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரத்தை அள்ளினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதைக் கீழே போட்டுவிட்டுப் பச்சையம்மாளைக் கூப்பிட்டேன்.

"பச்சையம்மா, நான் என்ன சொன்னேன்?"

"வெள்ளப்பூண்டு வோணாம்னீங்க. ஒரு தோல்கூடப் போடலியே மாமி. பூண்டு உரிச்சா தனியா எட்த்து வெச்சிக்கினு கீறேன்."

"அப்போ இது?"

"முட்ட ஓடு. செடிக்கு நல்லதுன்னு எங்க பாலசமுத்திரத்துல போடுவாங்க. இன்னா மாமி, தப்பாயிடுச்சா?"

திட்ட வாயெடுத்தேன். திட்ட வேண்டுமானால் அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். அவள் முகம் வேறு சுண்டிப்போயிருந்தது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் யதிராஜன் பித்தளைத் தட்டோடு மாடிக்கு வந்தார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆசையாக வளர்த்த செடி வேறு. ஆனால் பெருமாள் விஷயத்தில் அவரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"ஏன்னா, பறிக்காதேள். உரத்துல... வெள்ளைச் சமாசாரம் கலந்துடுத்து."

"முட்டை ஓடுதானே?" என்றார், உப்பு புளி என்று சொல்வதுபோல.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆடி மாசமே தெரியும். வேஷ்டி உலர்த்த வரச்சே, கீழ சிந்தியிருந்தது கால்ல குத்தித்து."

"தெரிஞ்சுமா பறிக்க வந்தேள்?"

"இத்தனை வருஷமா கடைத் துழாய் வாங்கினேனே, அது எதுல வளர்ந்ததுன்னு ஒருநாள் கேட்டிருப்பேனா? நீ இந்த முழங்காலோட தினம் படியேறி ஜலம் விடறதை நான் பார்த்துண்டுதானே இருக்கேன்."

கிள்ளிக் கிள்ளித் தட்டை நிரப்பினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாதிப் படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"அவகிட்ட இன்னும் நன்னாப் பொடி பண்ணிப் போடச் சொல்லு. குத்தறது."

பக்கத்து மாடியில் பச்சையம்மாள் துணி உதறிக்கொண்டிருந்தாள். நேற்றைய வாட்டம் இன்னும் முகத்தில் இருந்தது. நான் கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்றேன்.

"பச்சையம்மா," என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன், "இனிமே முட்டை ஓட்டை நன்னாப் பொடி பண்ணிப் போடு."