பதினோரு மாதக் காலி வீடு

ஒரு மனிதன் இந்தப் பூமியில் இன்ன இடத்தில் வசிக்கிறான் என்று அறுதியிட்டுச் சொல்லும் அதிகாரம் இறைவன் ஒருவனுக்கே உரியது. எங்கள் ஊரில் அது மொகத்தம் ஸி பிஹிக்கும் உண்டு; செவ்வாய், வியாழன் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பினால்.

மொகத்தம் என்பவர் தெருவில் அரசாங்கம் வைத்திருக்கும் கண். யார் வந்தார், யார் போனார், எவர் வீட்டு மாடியில் அனுமதியில்லாமல் இன்னொரு வரிசை செங்கல் ஏறியது, எல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் இருப்பிடச் சான்று கிடையாது. இருப்பிடச் சான்று இல்லாமல் வெளிநாட்டவருக்குத் தங்கும் அட்டை கிடையாது. அந்த மனுக்களை அச்சடித்து, நகலெடுத்து, புகைப்படம் ஒட்டிக் கொடுப்பது நான். அகாதீர் நகரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்திருக்கும் எங்கள் ஊரில் என்னுடையதுதான் ஒரே ஜெராக்ஸ் கடை.

அந்த வசந்தத்தில், மடிக்கணினியோடு வந்து தங்கி வேறு நாட்டு முதலாளிக்கு வேலை பார்ப்பவர்களுக்கு வருட அட்டை இனி உண்டா, இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வருடம் கொடுத்தார்கள். பிறகு, விரைவில் ஓர் அறிவிப்பு வரும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இன்னொன்று வந்தது. அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடுபவன் ஒன்று சொன்னான், காப்பிக்கடைக்காரன் வேறொன்று சொன்னான். கடைசியில் தேறியது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முழு மனு கொடுத்தால் பழைய விதி. அதற்குப் பிறகு என்ன விதி என்பது விதி போடுபவர்களுக்கே தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் டிபோர் என் கடைக்கு வந்தான். ஸ்லோவாக்கியாக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். வெயில் படாமல் வளர்ந்த முளைக்கீரை மாதிரி ஒரு நிறம். மேல்தெருவில், லியோனுக்குப் போய்விட்ட ஒருவரின் நீலக் கதவு வீட்டில் பதினோரு மாதமாக இருப்பதாகச் சொன்னான். நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"கனடாக் கம்பெனி. அவங்க பகல்தான் நமக்கு ராத்திரி. பகல்ல தூங்குவேன். மாசத்துக்கு ஒரு தடவை அகாதீர் போய் சாமான் வாங்கிட்டு வந்துருவேன்."

"அட்டை கிடைக்கலேன்னா ஊருக்குப் போயிருவீங்களா?"

"போக இடமில்ல. அங்க இருந்த வீட்டை வித்துட்டேன். அண்ணன் பேசறதில்ல. எனக்கு இருக்கறது அந்த நீலக் கதவு ஒண்ணுதான்."

மனுவைத் தயார் செய்தேன். மொகத்தத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி.

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது ஸி பிஹியின் கௌரவத்துக்கு ஒத்துவராது. மளிகைக்கடை வாசலில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து உட்காருவார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார். நாலு வாய் ஆமென்றால் பேனாவைத் திறப்பார். அது வெறும் சடங்கு; இல்லையென்று இதுவரை எந்த வாயும் சொன்னதில்லை.

வியாழன் காலை டிபோரும் நானும் பக்கத்தில் நின்றோம். ஸி பிஹி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீலக் கதவு வீட்ல யாரு குடியிருக்கா?"

"யாருமில்ல. பதினோரு மாசமா காலி" என்றார் மளிகைக்காரர்.

தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "காலின்னு சொல்ல முடியாது."

"அப்ப ஆள் இருக்கு."

"ஆள்னும் சொல்ல முடியாது."

"யோவ், ஒண்ணு ஆள் இருக்கணும், இல்ல காலியா இருக்கணும். சர்க்கார் காகிதத்துல மூணாவது கட்டம் கிடையாது!"

எதிர்வீட்டு லல்லா இஜ்ஜா, மாவு படிந்த கையோடு வந்தவள், அமைதியாகச் சொன்னாள்: "அவங்க இருக்காங்க, ஸி பிஹி. வியாழன்தோறும் நான்தான் வாசல்ல கூஸ்கூஸ் வைக்கிறேன். உப்புப் போடாம. உப்பு அவங்களுக்கு ஆகாதே. விடிஞ்சதும் தட்டு கழுவிக் கவுத்தி இருக்கும்."

தெருவில் எல்லோரும் சட்டென்று பேச்சைக் குறைத்தார்கள். நீலக் கதவு வீட்டில் ஜின்கள் குடியேறி ஒரு வருடம் ஆகப் போகிறது என்பது மேல்தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அரசாங்கத்தின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?" என்றார் ஸி பிஹி. "அவங்களுக்கு நான் சான்று தர முடியாது. பாஸ்போர்ட் இல்ல."

"என்கிட்ட இருக்கு!" என்றான் டிபோர். "நான்தான் அங்க இருக்கேன்! நான் பேசறதுதான் அவங்களுக்குக் கேட்டிருக்கு. வந்து பாருங்க."

அவன் கண்ணில் நீர் நின்றதால்தான் ஸி பிஹி எழுந்தார். கௌரவத்தை மீறி அவர் ஒரு வீட்டுக்குப் போனதை நான் பார்த்தது அன்றுதான். இஜ்ஜாவும் எங்களோடு வந்தாள்.

உள்ளே பகல் இல்லை. ஜன்னல்களில் கம்பளி அடித்திருந்தான். சுவர்க்கடிகாரம் கனடா நேரம் காட்டியது. வெளியே அவ்வளவு வெயில். உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போல் ஒரு குளிர். மேசையில் கணினி, அதன் பக்கத்தில் பாஸ்போர்ட்.

"பார்த்தீங்களா? இது கட்டில், இது என் துணி" என்றான் டிபோர். "இந்தாங்க பாஸ்போர்ட்." ஸி பிஹி அதைப் புரட்டிவிட்டு மேசையிலேயே போட்டார்.

"சொல்லு இஜ்ஜா. நீ கேட்டது இந்த வெளிநாட்டு முசியே குரல்தானா?"

இஜ்ஜா அவனைக் கூர்ந்து பார்த்தாள். "ஆமா. ரெண்டு பேர்ல ஒருத்தர் இவருதான். இவரு கேப்பாரு, மத்தவரு பதில் சொல்வாரு. அப்புறம் ரெண்டு பேரும் சிரிப்பாங்க."

டிபோருக்குப் போன உயிர் திரும்பியது. "அது மீட்டிங்! கம்பெனி ஆளுங்க கம்ப்யூட்டர்ல பேசுவாங்க."

"சத்தம் எங்கேருந்து வருது?" என்றார் ஸி பிஹி.

டிபோர் காதில் மாட்டும் கருவியை எடுத்துக் கொடுத்தான். ஸி பிஹி அதைக் குல்லாவின் மேலேயே மாட்டிக்கொண்டு, அரசாங்கமே கேட்பது போல் நிமிர்ந்து நின்றார். பழைய மீட்டிங் ஒன்றை டிபோர் ஓடவிட்டான். ஸி பிஹி தலையாட்டினார். "பேசறாங்க. ஒருத்தன் இருமுறான்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். குனிந்து அவர் காதருகே போனேன். அப்போதும் இல்லை.

"எப்பவும் இதை மாட்டிக்கிட்டுத்தான் பேசுவீங்களா?" என்று கேட்டேன்.

"எப்பவும்" என்றான் டிபோர். சொல்லிவிட்டு மெல்லக் கணினியைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன கேட்டேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மத்தவரு நம்ம பாஷையிலதான் பேசுவாரு" என்றாள் இஜ்ஜா. "அழகா பேசுவாரு. பழைய காலத்துப் பேச்சு."

"தட்டு..." என்றான் டிபோர். "வாசல்ல தட்டு வைப்பீங்களா? நான் ஒரு தட்டையும் பார்த்ததில்லையே."

அப்போது உள்ளே, சமையலறையில், யாரோ ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். நாங்கள் நாலு பேரும் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஸி பிஹி கையெழுத்துப் போட்டார். என் முதுகையே மேசையாக வைத்து, தெருவுக்கு ஓடி வந்தபின், மூன்று பிரதிகளிலும். "குடியிருப்பு ஐயத்துக்கு இடமின்றி உறுதி" என்று எழுதினார். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் அவ்வளவு நம்பிக்கையோடு எழுதிய சான்று வேறொன்று இருக்காது. வசிப்போர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைக் காலியாக விட்டுவிட்டார்.

பாஸ்போர்ட் நகல் முந்தின நாளே என்னிடம் இருந்ததால், வெள்ளி காலை மனு போய்ச் சேர்ந்தது. டிபோர் வியாழன் ராத்திரியிலிருந்து என் கடையில், இயந்திரத்துக்குப் பின்னாலிருக்கும் பலகையில் படுக்கிறான்.

"கம்பெனி வேலை?" என்று ஏழாம் நாள் கேட்டேன்.

அவன் கைபேசியைக் காட்டினான். மேலதிகாரி எழுதியிருந்தார்: இந்த வாரம் டிபோரின் வேலை மிகத் திருத்தமாக இருந்ததாம், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவன் சொன்ன யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்ததாம், ஆனால் அவனுடைய படம் மட்டும் ஏனோ இருட்டாகத் தெரிகிறதாம். செவ்வாய்க்கிழமை அவன் என்னோடு உட்கார்ந்து பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வாரம் அட்டை தயார் என்று தகவல் வந்தது. முழுதாக ஒரு வருடம், அந்த நீலக் கதவு வீட்டு முகவரி போட்டு. அதிர்ஷ்டசாலி என்று காப்பிக்கடை முழுக்க அவன் தோளைத் தட்டியது. அட்டையை மாவட்ட அலுவலகத்தில் முப்பது நாளுக்குள் நேரில் போய் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் ரத்து. வாங்க அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அது மேசையில் இருக்கிறது, கணினிக்குப் பக்கத்தில்.

ஸி பிஹியிடம் கேட்டோம். இறைவனையும் ஆளுநரையும் தவிர வேறு எவருக்கும் தான் அஞ்சியதில்லை என்றார். ஆனால் இது தன் அலுவல் வரம்புக்குள் வராது என்றார். எனக்கு முழங்கால் வலி. டிபோர் இரண்டு முறை தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பினான்.

"நான் போய் எடுத்துத் தரட்டுமா?" என்று இஜ்ஜா கேட்டாள். ஒரு பெண்பிள்ளையை அனுப்புவது ஆண்களுக்கு அழகல்ல என்று மூவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம்.

இன்று முப்பதாவது நாள். அலுவலகம் நாலரைக்கு மூடிவிட்டது. நாங்கள் யாரும் அந்த நீலக் கதவுப் பக்கம் போகவில்லை.