இரண்டாவது பெட்டியில் ஒரு பெயர்

வசந்தாமணிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அன்று காலை எடிசன் நகர அபார்ட்மென்டின் சமையலறையில் பாத்திரங்கள் பேசிய பேச்சுக்கு மேல்மாடி குஜராத்தி அம்மாள் இரண்டு முறை தரையைத் தட்டிவிட்டார்.

மேஜைமேல் பல்கலைக்கழகக் கடிதம் கிடந்தது. அவளுடைய இறுதி ஆண்டு ப்ராஜெக்ட் அறிக்கை காப்பியடிக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்திருக்கிறதாம். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விசாரணைக் குழுவின் முன் வரவேண்டுமாம். அதுவரை பட்டம் கிடையாதாம். காப்பி! ஈரோட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்கூடப் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்காதவளுக்கு இரண்டாயிரமாவது வருஷத்தில், முப்பத்திரண்டு வயதில், இந்தப் பெயர்.

மூன்று வருஷப் படிப்பு அது. கணவன் நஞ்சுண்டனின் விசாவில் வந்து, வேலைக்கும் போக முடியாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பிடிவாதமாக விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தாள். பட்டப்படிப்பில் அவளுக்கு உயிராக இருந்தது பிசினஸ் அனாலிசிஸ். ஓர் இடத்துக்குப் போய், வேலை எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து, எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடித்து, என்ன தேவை என்று எழுதிக் கொடுக்கும் படிப்பு. "செய்வதாக அவர்கள் சொல்வதை எழுதாதே, செய்வதை எழுது" என்று பேராசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். மாமியார் வீட்டில் நாலு வருஷம் இருந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ள அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

ப்ராஜெக்டுக்காக அவள் பிடித்த இடம் ஒரு டயாலிசிஸ் சென்டர். நோயாளிகள் நேரத்துக்கு வருவதில்லை, நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன, புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்றார்கள். வசந்தாமணி மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து பார்த்தாள். வேகமாக எழுத வேண்டும் என்பதால் குறிப்புகளெல்லாம் தமிழில். கடைசியில் பார்த்தால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை. ஆறு பேரை ஏற்றிவரும் வேன், யாருக்கு எத்தனை மணிக்கு நாற்காலி என்று பார்க்காமல், தெரு வரிசைப்படி ஆளை ஏற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் ஓட்டுநர் ஆல்வினிடம் யாரும் அந்த நேரப் பட்டியலைக் கொடுக்கவே இல்லை. 'சாஃப்ட்வேர் வாங்கும் முன் ஆல்வினிடம் பேசுங்கள்' என்பதுதான் அவள் அறிக்கையின் முதல் வரி.

ஏப்ரலில் வகுப்பில் அதைப் படித்துக் காட்டினாள். விருந்தினராக வந்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். "இந்த ஆல்வினை எனக்குத் தெரியுமே! போன மாதம் எங்களிடம் வேலை கேட்டு வந்த ஒரு கன்சல்டன்ட் இதே அறிக்கையைத் தன்னுடைய வேலை என்று காட்டினார். எட்டு வருஷ அனுபவசாலி."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. எட்டு வருஷ அனுபவசாலியும் ஒரு மாணவியும் ஒரே அறிக்கையை வைத்திருந்தால் யார் திருடி என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை.

அந்தக் கன்சல்டன்ட் எந்தக் கம்பெனி என்று கடிதத்திலிருந்து தெரிந்ததும் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. நஞ்சுண்டன் வேலை பார்க்கும் அதே கம்பெனி. அவன் முதலாளி சேனாபதியின் கம்பெனி. மீதியை அன்று காலை நஞ்சுண்டனே, இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி, விளக்கினான்.

"அட, அதுவா? பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை அவரு வீட்டு டின்னர்ல சேனாபதி அண்ணன் ஒரு சாம்பிள் ரிப்போர்ட் கேட்டாரு. ஒய்-டூ-கே வேலையெல்லாம் முடிஞ்சு பாதிப் பேரு ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்சுல உக்காந்திருக்காங்க, எல்லாரையும் பிசினஸ் அனலிஸ்ட்டா மாத்தணும்னாரு. காருலதான் உன் ஃபிளாப்பி இருந்துச்சு. பெருமையா எடுத்துக் குடுத்தேன்."

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரே வீட்டு ஃபிளாப்பி. ரெஸ்யூமேக்கு எல்லாரும் பண்றதுதானே?"

எல்லாரும் பண்றது! ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் காய்கறி வாங்கும்போது கறிவேப்பிலையைக் கேட்காமலே பையில் போட்டுவிடுவார்களே, அந்த மாதிரி மூன்று மாத உழைப்பைத் தூக்கிப் போட்டிருக்கிறான். வசந்தாமணி நேராகச் சேனாபதிக்கே போன் போட்டாள்.

"என்ன தங்கச்சி, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரித்தார் சேனாபதி. "உன் ரிப்போர்ட் நல்லா இருந்ததாலதானே எடுத்தோம்? நீ சந்தோஷப்படணும். நம்ம ஆளு ஒருத்தன் பொழைச்சுப் போறான்னு விட்டுடும்மா."

அவள் ரிசீவரை வைத்த வேகத்தில் போன் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. திருடியதோடு விடாமல், அதற்கு நன்றியும் சொல்லவேண்டுமாம்!

நஞ்சுண்டன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான். "அவருகிட்ட எதுக்குப் பேசினே? கிரீன் கார்ட் அவரு கம்பெனிலதான் ஃபைல் பண்ணியிருக்கு. வித்ட்ரா பண்ணிட்டாருன்னா ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். விசாரணையில ஃபிளாப்பி லைப்ரரில தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"அப்ப நான் அந்தக் கன்சல்டன்டப் பார்த்து எழுதலைன்னு யாரு நம்புவாங்க? என் பட்டம்?"

"பட்டம் இல்லாட்டி என்ன வசந்தா? நான் சம்பாதிக்கலையா?"

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பாத்திரங்கள்கூடப் பேசவில்லை. மூன்று வருஷமாகப் பனியில் பஸ்ஸுக்கு நின்றதும், அவனுக்கும் சமைத்து வைத்துவிட்டு ஓடியதும் அவனுக்கு ஒரு பொழுதுபோக்காகத்தான் தெரிந்திருக்கிறது. அவள் குறிப்பு நோட்டுகள் நாலையும் எடுத்துப் பையில் வைத்தாள்.

வியாழக்கிழமை நஞ்சுண்டன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். பார்க்கிங்கில் எஞ்சினை நிறுத்தாமலே, "லைப்ரரி, ஞாபகம் வச்சுக்க" என்றான்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த டீன் அம்மாள் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்திருந்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதல் பக்கத்தில் மட்டும் வசந்தாமணியின் பெயர் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒருவருடைய பெயர். அந்தப் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள்.

அவள் தமிழ் நோட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். நாளும் மணியும் வேனும் ஆல்வினும் வரிக்கு வரி அறிக்கையோடு பொருந்துவதைப் படித்து ஆங்கிலத்தில் சொன்னாள். குழுவில் ஒருவர் அப்போதே சென்டருக்குப் போன் செய்தார். "நோட்டும் கையுமா உட்கார்ந்திருக்குமே, அந்தப் பெண்ணா?" என்று கேட்டாளாம் அங்கிருந்த நர்ஸ். டீன் அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. "நீங்கள் எழுதியதாகவே இருக்கட்டும். நீங்களே விற்றிருந்தால்? இது உங்கள் வீட்டை விட்டு எப்படி வெளியே போனது?"

லைப்ரரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. கிரீன் கார்ட், ஊர் டிக்கெட், எஞ்சின் ஓடும் கார் எல்லாமே அவளுக்குத் தெரிந்தன. 'செய்வதை எழுது' என்ற பேராசிரியரின் பாடமும் தெரிந்தது. எழுந்து போய் வெள்ளைப் பலகையில் மார்க்கரால் ஒரு பெட்டி வரைந்தாள். உள்ளே தன் பெயர், அறிக்கை முடித்த தேதி. அங்கிருந்து ஓர் அம்புக்குறி. இரண்டாவது பெட்டியில் நஞ்சுண்டன், கணவர், ஜனவரி 22, ஃபிளாப்பி. மூன்றாவதில் சேனாபதியும் அவர் கம்பெனியும். நாலாவதில் அந்த எட்டு வருஷ அனுபவசாலி. மூன்று வருஷத்தில் அவள் வரைந்த படங்களிலேயே சுருக்கமானது அதுதான்.

"இரண்டாவது பெட்டிக்காரர் வந்து இது உண்மை என்று கையெழுத்துப் போடுவாரா?" என்றார் டீன்.

வசந்தாமணி பார்க்கிங்குக்குப் போனாள். கார் கதவைத் திறந்து, சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள். "வாங்க" என்றாள், அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்த நஞ்சுண்டன் இறங்கிப் பின்னாலேயே வந்தான்.

உள்ளே வந்து பலகையில் தன் பெயரைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தித் தமிழில் கெஞ்சினான். "வசந்தா, என் பேரை மட்டும் அழிச்சிடேன். 'ஒரு நண்பர்'னு போட்டுக்கலாம்."

"என் பேரை அழிச்சப்ப 'ஒரு நண்பர்'னுகூடப் போடலீங்களே" என்றாள் அவள்.

நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று டீன் அம்மாள் கேட்டார்.

"கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வசந்தாமணி பேனாவை அவன் கையில் வைத்தாள்.