கசிவு இல்லை

அப்பாவின் தலையில் சீயக்காய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணனின் கார் காலடிப்பேட்டை முனைக்கு வந்துவிட்டது என்றார்கள். செங்கொடி சொம்பைக் கீழே வைக்கவில்லை.

காருக்குப் பின்னாலேயே கம்பெனியின் மலர்வளையம் வேனில் வந்தது.

"இன்னா திருமல, வளையம் நம்ம வூட்டுக் கதவைவிடப் பெர்சா கீது?" என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா.

"பின்னே? அஞ்சு ஸ்டேட்டுக்கு ஒரம், வெத, மருந்து எல்லாம் நம்ம அன்புமணி சொன்னாத்தான் லாரி ஏறும்." சொல்லி முடிப்பதற்குள், அப்பாவோடு வேலைபார்த்த திருமலைக்கு இருமல் வந்துவிட்டது.

கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்த அன்புமணிக்கு, அப்பா வரதன் டிரம் தூக்கிய பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. மகன் வெள்ளை ஹெல்மெட்டோடு நடப்பதைப் பார்க்க வேண்டுமென்று, வரதன் கெஞ்சிக் கூத்தாடி அவனுடைய ஷிப்டுக்கே மாறிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் எட்டு மாதம்.

ஒரு மத்தியானம் குளோரின் கசிந்தது. ஆட்கள் ஓடினார்கள். "ஒண்ணுமில்ல, வேலையப் பாருங்க" என்று மைக்கில் அன்புமணியின் குரல் கேட்டது. வரதன் நின்றார். வரதன் பிள்ளை சொல்கிறானே என்று திருமலையும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். 'கசிவு இல்லை' என்று ஷிப்டுப் புத்தகத்தில் அன்புமணி எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த வருஷமே தலைமை அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். பிறகு விற்பனை, ஹைதராபாத், விவசாய வியாபாரம் முழுவதற்கும் தலைவர்.

மற்ற நாலு பேரின் நெஞ்சு எக்ஸ்ரேக்களைக் கம்பெனி டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். மகனுக்குத் தெரியக்கூடாதென்று வரதன் மட்டும் தன்னுடையதைச் சத்தமில்லாமல் பெரியாஸ்பத்திரியில் எடுத்திருந்தார். வழக்குப் போட்ட திருமலை ஆறு வருஷமாகக் கேட்டும் வரதன் அதைக் கொடுக்கவில்லை. "புள்ள கையெழுத்துப் போட்டுகீறான்பா" என்பார். அவ்வளவுதான்.

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. சுடுகாட்டில் போடவேண்டிய மூட்டையை அன்புமணியே கட்டினான். பாய், தலையணை, மாத்திரைகள். கூடவே பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே இருந்த, பழுப்பேறிய அந்தப் பெரிய உறை.

"அது இன்னாத்துக்குண்ணா?" என்றாள் செங்கொடி.

"அப்பா உடம்போட சமாசாரம். அப்பாவோடயே போகட்டும்மா." அவன் பேச்சில் இப்போதெல்லாம் 'கீது' வருவதில்லை.

திருமலை பக்கத்தில் வந்தான். "நாளான்னிக்கி கோர்ட்டு, தம்பி. நீ ஒரு வார்த்த வந்து சொன்னா..."

"ஹைதராபாத்ல மீட்டிங் இருக்குண்ணே."

குப்பம்மா மூக்கைச் சிந்தினாள்.

கொள்ளிச்சட்டியை அன்புமணியின் கையில் கொடுத்தார் சண்முகவேல் பெரியப்பா. "சட்டிய எடுத்தவன் திரும்பிப் பாக்கக் கூடாது, நைனா. நேரா நட."

அவன் நாலடி நடந்தான். செங்கொடி மூட்டையிடம் போனாள். முடிச்சை அவிழ்த்தாள். உறையிலிருந்து எக்ஸ்ரே படம் சடசடவென்று வெளியே வந்தது.

அன்புமணி நின்றுவிட்டான்.

"நடப்பா," என்றார் பெரியப்பா.

திருமலை சட்டைப் பொத்தானைக் கழற்றி, செங்கொடி நீட்டிய எக்ஸ்ரேயை நெஞ்சோடு செருகிக்கொண்டு, பாடைக்குத் தோள் கொடுக்கக் குனிந்தான். படத்தின் ஒரு மூலை காலருக்கு மேல் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. செங்கொடி அதை உள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.