குடைக்காரன் போகும் திசை

பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு டண்டினொங் என்ற புறநகரில் ஒரு டின் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான் விக்னராஜா. எழுபத்தைந்தாம் ஆண்டில் மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஓவிய வரலாற்றுக்கு ஒரு கட்டுரை எழுதித் தேற வேண்டும். தேறாவிட்டால் காலம் முழுக்க டின்தான்.

கொடுத்தது ஒரு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம். பனி மூடிய மலை, கீழே ஒரு பாலம், இடப்பக்கம் சன்னலில் வெளிச்சத்தோடு ஒரு வீடு. பாலத்தின் நடுவில் ஒருவன். விரித்த குடை அவனை இடுப்புவரை மறைத்திருந்தது. வானத்தின் உச்சியில் கரும் நீலம், கீழே வரவரக் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. பனிக்கு வெள்ளை பூசவில்லை. மை படாத காகிதமே பனி. இதையெல்லாம் ஒழுங்காக எழுதி, களைத்த பயணி வீடு திரும்புகிறான் என்று முடித்தான்.

அவன் மனைவி யோகராணி ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்பவள். வேலைக்குப் புறப்பட்டவள், அவன் எழுதியதைச் சொன்னதும் மேசையில் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இவன் எங்க வாறான்? வீட்டை விட்டெல்லோ போறான்."

"உமக்கென்ன தெரியும்? வெளிச்சம் அந்தப் பக்கம்தானே இருக்கு."

"வெளிச்சத்த விடுங்கோ. பனியப் பாருங்கோ. வாசலில இருந்து இவன் நிக்கிற இடம் வரைக்கும் காலடி கிடக்கு. அங்கால ஒண்டுமில்ல. பறந்தே வந்தவன்?"

சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். இத்தனை நாளும் அவற்றை அச்சுக் கறை என்று நினைத்திருந்தான். எரிச்சல் வந்தது. ஆனாலும் திருத்தி எழுதினான்: இவன் போகிறான், திரும்பிப் பார்க்கவில்லை, படத்தில் எங்கும் துக்கம் இல்லை. எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு அவனும் அப்படித்தான் வந்தான்.

வெள்ளைக்கார விரிவுரையாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏக்கத்தைக் காணோமே, ராஜா. ஊரை விட்டு வந்தவர் நீங்கள். வீடு திரும்புகிறவனின் மனம் உங்களுக்குப் புரியாதா?"

"காலடிகளைப் பாருங்கள், சேர்."

"அது சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை கொஞ்சம் உணர்ச்சியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது."

விக்னராஜா முதலில் எழுதிய பழைய கட்டுரையையே எடுத்து, தானும் ஊரையும் அம்மாவையும் நினைத்து அழுவதாக இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தான். அம்மாவுக்கு அவன் கடிதம் போட்டு வருடக்கணக்காகியிருந்தது. நல்ல புள்ளிகளோடு தேறினான். விரிவுரையாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டில் சொன்னதும் யோகராணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நான் காட்டின காலடிய எழுதினதுக்குத்தானே பாஸாக்கினவங்கள்?"

"ஓம்."

"பாத்தியளே! குசினிக்காரி எண்டு நக்கலடிச்சியள். இனி எதையும் எனக்குக் காட்டிப்போட்டு எழுதுங்கோ."

பின்வளவில் உடுப்புக் காயப்போடப் போனவள், பக்கத்து வீட்டுப் பத்மாவிடம் வேலிக்கு மேலால் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரனுக்குத் தெரியாததை நான் கண்டுபிடிச்சனான் என்று சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பை அவனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தினான்.