முக்கோணம் அழிந்த ஜிக்

அசோகன் புதுக் கதவைக் கீலில் மாட்டிவிட்டு ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். அது சத்தமே இல்லாமல் குளியலறைக்கு உள்ளே போனது. வெளியே திறக்க வேண்டிய கதவு அது. அதற்காகவே அதைச் செய்தான்.

அவன் மனைவி ஷீலாவுக்கு ஆடி மாதத்திலிருந்து வலிப்பு வந்துகொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் தி.நகர் தையற்கடையில் ஒரு நாள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "பாத்ரூம்ல தாழ்ப்பாள் போடக் கூடாது. கதவும் வெளிப்பக்கமாத் திறக்கணும். உள்ளே விழுந்தா உடம்பே கதவை அடைச்சிடும், யாராலயும் திறக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசி வார்த்தை அசோகனைத் தூங்கவிடவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் இனாயத்தும் அவனும் கூட்டாக மரப்பட்டறை வைத்திருந்தார்கள். அங்கே அசோகனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, ஜிக் என்னும் வெட்டு அச்சு செய்வது. பிளைவுட் துண்டில் கீல் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, நிலையின் விளிம்பில் முட்டி நிற்க ஓரத்தில் ஒரு பட்டியை அறைவான். அதைக் கதவு நிலையின் மேல் வைத்து, மரத்தைக் குடையும் ரூட்டர் மெஷினை ஓட்டினால், அதன் வெட்டு அலகான பிட் அந்த ஜன்னலைத் தாண்டிப் போகாது. எத்தனை நிலைக்கு வைத்தாலும் அதே இடத்தில் அதே பள்ளம் விழும். இதுவரை செய்தால் போதும், வேலை நடக்கும். அசோகனுக்குப் போதாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்தால்தான் அவனுக்கு மனசு ஆறும்.

"இன்னா நைனா, ஜிக்குக்கு பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று இனாயத் கிண்டல் செய்வான். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது அசோகனின் ஜிக்கைத்தான் எடுத்துக்கொண்டு போவான்.

இந்தக் கதவுக்குச் செய்த ஜிக்கும் இப்போது இனாயத்திடம்தான் இருந்தது, அடையாறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள் தங்குவதற்காக அங்கே ஒருவர் விடுதி கட்டியிருந்தார். ஷீலாவை நினைத்துக்கொண்டு, அங்கேயும் குளியலறைக் கதவுகள் வெளியே திறக்கட்டும் என்று அசோகன்தான் பேசி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

"நிலையைத் திருப்பி நிறுத்திட்டேன் போல. இன்னிக்கே கழட்டிடறேன்" என்றான் ஷீலாவிடம்.

"யோவ், சும்மா கீறியா? ஒரு வாரமா பொடவைய கட்டித் தொங்கவுட்டுக் குளிக்கிறேன். லைன் வூடு, முழுக்கப் போற வர்ற ஆளுங்க. ஞாயித்துக்கிழம மாத்திக்க."

அவள் பேச்சைத் தட்ட அவனுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கென்று ரூட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான்.

சனிக்கிழமை காலை ஷீலா குளிக்கப் போனாள். குவளை உருளும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஷீலா?"

கதவைத் தள்ளினான். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, மெத்தென்று எதன் மேலோ முட்டி நின்றது. அது ஷீலாவின் உடம்பு.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் ஓடி வந்தாள். "ஒதச்சித் தள்ளுப்பா! இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

"தல எங்க கீதுன்னு தெரியலக்கா! ஒதச்சா கழுத்து போயிடும்!"

கீலைக் கழற்றலாமென்றால் திருகெல்லாம் உள்பக்கம். கதவு தானாக உடைந்து கொடுக்குமென்றால் அதுவும் நடக்காது. அவன் கையால் இழைத்து, பசை போட்டு இறுக்கிய கதவு. தன் வேலை இவ்வளவு கெட்டியாக இருப்பதை நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாக அவன் தன்னையே சபித்துக்கொண்டான்.

ரூட்டரை எடுத்தான். கதவின் மேல்பாதிப் பலகை எத்தனை கனம் என்று அவனுக்குத் தெரியும். பிட்டை அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட நீளாமல் இறக்கி முடுக்கினான். துணி காயப்போடும் கம்பை அந்தோணியம்மாள் கதவின் மேல் அழுத்திப் பிடிக்க, அதையே வழியாக வைத்து ஓட்டினான். கம்பு இருந்ததால் வெட்டு கோணவில்லை. மெஷின் இரைச்சலில் உள்ளே அவள் முனகினாளா இல்லையா என்றுகூடத் தெரியாமல், நாலு பக்கமும் வெட்டி முடித்தான்.

பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எட்டிப் பார்த்தான். சுவருக்கும் கதவுக்கும் நடுவே ஷீலா மடங்கிக் கிடந்தாள். முகம் தண்ணீர் தேங்கிய மூலையில் இருந்தது. அவன் ஓட்டை வழியாகத் தலைகீழாக இறங்கி, அவளைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தான். இருமினாள். தண்ணீரும் நுரையும் வந்தன. பிறகு மூச்சு வந்தது. அசோகன் ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அந்தோணியம்மாள் ஆட்டோவுக்கு ஓடினாள். ஷீலாவின் தலையை மடியில் வைத்தபடி அவன் நிமிர்ந்தபோது நிலைதான் கண்ணில் பட்டது. வெளிப்பக்கம் எதுவென்று அவன் பென்சிலால் போட்டிருந்த அம்பு, வெளிப்பக்கம் பார்த்தே இருந்தது.

நிலை சரியாகத்தான் நின்றிருந்தது.

அப்படியானால் ஜிக். பட்டியை எந்தப் பக்கம் அறைய வேண்டும் என்பதற்கு அதன் மேல் பென்சிலால் ஒரு முக்கோணம் போட்டிருந்தான். அறைவதற்கு முன்பே உப்புத்தாள் போட்டான். பளபளவென்று வர வேண்டுமென்று இரண்டு பக்கமும் தேய்த்தான். முக்கோணம் அதோடு போயிருக்கிறது. பட்டியை மறுபக்கம் அறைந்திருக்கிறான், கீல் பள்ளம் நிலையின் உள்விளிம்பில் விழுந்திருக்கிறது.

அதே ஜிக்தான் அடையாறில் இருக்கிறது. போனை எடுத்தான்.

"பாய், அடையாறு கதவு இன்னா ஆச்சு?"

"எல்லாத்தியும் மாட்டியாச்சு நைனா. ஆனா உள்ள தொறக்குது. உன் ஜிக்கு தப்பாவுமா? நீதான் மாத்தி சொல்லிட்டன்னு நெனச்சி உட்டுட்டேன்."

"யாருனா தங்கிக்கினு கீறாங்களா?"

"ஒரு அம்மா கீது. கீமோக்கு வந்துகீது. இப்பதான் குளிக்கப் போச்சு."

"போய்த் தட்டு பாய்! தட்டு!"

போனில் இனாயத் ஓடுவதும், கதவைத் தட்டுவதும், மறுபடி தட்டுவதும் கேட்டன. கடைசியில் ஒரு பெண் குரல் எரிச்சலோடு கத்தியது. "யாரு அது? மனுஷிய நிம்மதியா குளிக்க வுட மாட்டீங்களா?"

"நல்லாத்தான் கீது நைனா. இன்னா ஆச்சு உனக்கு?"

"அவங்க வெளிய வந்ததும் எல்லாக் கதவையும் கழட்டிடு. நான் வந்து சொல்றேன். அந்த ஜிக்கு கையில கீதா?"

"கீது."

"ஒடச்சுடு."

"இன்னா சொல்ற? உன் ஜிக்க நானா?"

"ஒடை பாய். சத்தம் எனக்குக் கேக்கணும்."

மடியில் ஷீலா கண் திறந்து, வெட்டிக் கிடந்த கதவைப் பார்த்தாள். என்ன நடந்ததென்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. அவன் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். அடையாறில் பிளைவுட் முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தான்.