குச்சியை நம்பியவர்கள்

பாலம் திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. காரில் போனால் பத்தே நொடியில் கூலிபா ஓடையைக் கடந்துவிடலாம். நோலீனுக்கு அந்தப் பத்து நொடி போதாது.

"மெர்வ், வண்டியை நிறுத்து."

"இப்பத்தானே பெட்ரோல் பங்க்ல போயிட்டு வந்தே?"

"அதுக்கில்ல. நிறுத்துன்னா நிறுத்தேன்."

பாலத்துக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. பின் இருக்கை முழுக்கப் பெட்டிகள். பண்ணையை விற்றாயிற்று. இருவரும் எழுபதைத் தாண்டிய பிறகு கடற்கரையில் ஒரு சின்ன வீடு. நாளைக் காலை கண் விழித்தால் ஜன்னலில் கடல். அதை அவன் பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். இருபத்துநாலு வயதிலேயே அந்தக் கடலுக்குப் போயிருக்க வேண்டியவன் அவன். போகவிடாமல் செய்தவள் அவள். நாற்பத்தெட்டு வருடமாகச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு இங்கே பாலம் ஏது? மழை பெய்தால் ஓடை சாலையை விழுங்கிவிடும். வந்தவர்கள் வந்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். கிளாரி ஓட்டிய தபால் லாரியில் நான்கு பேர் வந்திருந்தார்கள். ஆட்டு ரோமம் வெட்டுகிறவர்களுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்த நோலீன், கப்பல் வேலைக்குக் கிளம்பிய மெர்வ், கூண்டில் ஆறு கோழிகளோடு மிஸஸ் பாக்ஸ்டர், தையல் மெஷின் விற்கிற ஹார்ஸ்பர்க். யாரும் யாரையும் முன்பின் பார்த்ததில்லை. கிளாரி தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டான். தண்ணீர் குச்சியை விட்டு விலகினால் வெள்ளம் இறங்குகிறது என்று அர்த்தம்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. கோழிகள் முட்டை போட்டன, நோலீன் தணலில் ரொட்டி சுட்டாள், ஹார்ஸ்பர்க் விற்கக் கொண்டுபோன மெஷினிலேயே கிளாரியின் கிழிந்த கால்சட்டையைத் தைத்துக் கொடுத்தார். மெர்வ் வாயைத் திறந்தால் கப்பல்தான். கேட்கக் கேட்க நோலீனுக்குக் கப்பலின் மேலேயே பொறாமை வந்தது.

நான்காம் நாள் விடியலில் டீக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். தண்ணீர் குச்சியை விட்டு ஒரு முழம் விலகியிருந்தது. அன்றே கிளம்பினால் மெர்வுக்கு ரயில் கிடைக்கும். ரயில் கிடைத்தால் கப்பலும் கிடைக்கும். நோலீன் குச்சியைப் பிடுங்கிப் புது விளிம்பில் நட்டாள். பழைய குழியைக் காலால் மிதித்து மூடினாள்.

கிளாரி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தான். "இன்னும் இறங்கலையே," என்றான். அன்று அதிசயமாக மற்ற மூன்று பேரும் விறகு பொறுக்கப் போய்விட, அவளும் மெர்வும் மட்டும் சாயங்காலம் வரை நெருப்பருகே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரயில் போயிற்று, கப்பலும் போயிற்று. ஆறு மாதத்தில் கல்யாணம். மெர்வ் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் டிவியில் கப்பல் வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடுவான். அப்போதெல்லாம் அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இப்போது அவனோடு ஓடைக்கரையில் இறங்கி நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மெர்வ் கரையோர மரத்தைக் காட்டினான். "அடிமரத்துல என்ன தெரியுது?"

"நுரை காஞ்ச கோடு."

"தண்ணி எங்க இருக்கு?"

"ஒரு சாண் கீழே."

"ஓடைக்கரையில பொறந்தவன் நான். தண்ணி இறங்கினா மரமே சொல்லிடும், எனக்கெதுக்குக் குச்சி? கிளாரி இருபது வருஷம் இந்த ஓடையில லாரி ஓட்டினவன். அது வெளியூர்க்காரங்க மனசு ஆறட்டும்னு நட்டது."

"அப்ப..."

"நீ மண்ணை மிதிமிதின்னு மிதிச்சதை லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு எல்லாரும் பார்த்தோம். கிளாரி என்னைக் கேட்டான், 'தம்பி, இப்பவே கிளம்பினா உனக்கு ரயில் உண்டு. கிளம்பலாமா, இல்ல குச்சியை நம்பலாமா?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"குச்சியை நம்பலாம்னேன்."

"அவங்க ரெண்டு பேரும்?"

"மிஸஸ் பாக்ஸ்டர், 'என் கோழிங்களுக்கு அவசரமில்ல'ன்னாங்க. ஹார்ஸ்பர்க் மகளுக்கு அன்னைக்குப் பிறந்தநாள். 'நாளைக்கும் அவளுக்கு ஒன்பது வயசுதான்'னுட்டுத் திரும்பிப் படுத்துட்டார்."

"படுபாவி! இத்தனை வருஷம் ஏன் சொல்லலே?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். அழுத்தக்காரி."

"அப்ப டிவியில கப்பல் வந்தா ஏன் சாப்பாட்டை நிறுத்தறே?"

"அதுல போயிருந்தா எவன் சமையலைத் தின்னிருப்பேனோன்னு நெனச்சுப் பார்ப்பேன். பயமா இருக்கும்."

நோலீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. விறகு ஏற்கெனவே ஒரு வாரத்துக்குக் குவிந்து கிடந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்பின் தெரியாத மூன்று பேர் தங்கள் நாளில் ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிளாரி போய் இருபது வருடம் ஆகிறது. மற்ற இருவரும் அதற்கும் முன்னாலேயே போய்விட்டார்கள்.

"ஒருத்தருக்கும் நன்றி சொல்லலையே, மெர்வ்."

அவள் குனிந்து ஒரு காய்ந்த குச்சியை எடுத்தாள். தண்ணீரின் விளிம்பில் நட்டாள். மெர்வ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"இன்னும் இறங்கலையே," என்றான்.

பிறகு மேலே ஏறிப் போய் எஞ்சினை அணைத்துவிட்டு, டீ ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்தான்.