பகல் தூக்கம்

மகள் மீனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தபோது, கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா வாயில் விரலை வைத்தாள்.

“அப்பாகிட்ட காட்டணும்மா. ஒரே ஒரு நிமிஷம்.”

“இப்பதான் கண்ணசந்தாரு. மீன் எங்க ஓடிடப் போகுது? வாளியில போட்டு வை.”

“துள்ளுதும்மா!”

“துள்ளட்டும். நீ மெதுவா பேசு.”

பத்தொன்பது வயதுப் பெண், சின்னப் பிள்ளைபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அப்போது மணி பன்னிரண்டு.

அவர் ரொட்டி அடுமனையில் இருபத்திரண்டு வருடமாக ராத்திரி வேலை பார்த்தவர். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, ஊரே வேலைக்குப் போகும் நேரத்தில் படுப்பார். அந்த வீட்டில் குக்கர் விசில் சாயங்காலம்தான் அடிக்கும். கதவுக் கீல்களுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் உண்டு. மகள் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். “உங்க வீட்டுல ஆளு இருக்கா இல்லையா?” என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். அவரை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் அம்மாவுக்குத் தெரிந்த அன்பு. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வேன் ஓட்டும் கொழுந்தன்தான் வருடக்கணக்காக நச்சரித்து, இந்தத் தடவை அண்ணனை இழுத்து வந்திருந்தான். ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை. தூண்டில் போடலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம். வேலை முடிந்த கையோடு வேனில் ஏறியவர், வழியெல்லாம் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கேட்டதற்கு, மாவு மூட்டை தூக்கிய வலி என்றார். வந்ததும் தூண்டிலில் இரை மாட்டி மகள் கையில் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் கட்டைய சாய்க்கிறேன்” என்று உள்ளே போனார்.

ஒரு மணிக்குக் கொழுந்தன் வேனில் பாட்டுப் போட்டான். அம்மா ஓடிப்போய் நிறுத்தச் சொன்னாள். இரண்டு மணிக்குச் சாப்பிட்டார்கள். தூக்குச்சட்டி மூடியைச் சத்தம் வராமல் துணி போட்டுத் திறந்தாள். மூன்றரைக்கு வெயில் இறங்கி அவர் முகத்தில் விழுந்தது. மறைக்கலாமென்று துண்டோடு உள்ளே குனிந்தாள். அவர் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டினாள். அது மறுபடியும் அங்கேயே வந்து உட்கார்ந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவரை உலுக்கி எழுப்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. டாக்டரம்மா சின்ன வயசு. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஹார்ட் அட்டாக்தான். பன்னெண்டு, ஒரு மணி வாக்குல போயிருக்கணும். அந்த நேரத்துல யாராவது பாத்தீங்களா? வலி கிலின்னு ஏதாவது சொன்னாரா?”

அம்மாவுக்கு அந்தப் பன்னிரண்டு மணி மீன்தான் நினைவுக்கு வந்தது. அப்போது எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரோ? மகள் இப்போது சொல்லிவிடுவாள், அம்மாதான் விடவில்லை என்று. ஊர் என்ன பேசினாலும் தாங்கிக்கொள்ளலாம். இவள் ஆயுசுக்கும் அந்தக் கண்ணோடு பார்ப்பாளே, அதைத்தான் தாங்க முடியாது.

“நான் பாத்தேன்” என்றாள் மகள். “பன்னெண்டு மணிக்கு உள்ள போய் மீனைக் காட்டினேன். கண்ணத் தொறந்து பாத்து, ‘பெருசா இருக்கே’ன்னாரு. அப்புறம் திரும்பிப் படுத்துட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டு போனாள். அம்மா மகளையே பார்த்தாள். பன்னிரண்டு மணிக்குக் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தது அவள்தான். மகள் கூடாரத்துக்குள் போகவே இல்லை. மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பினான். “நான்தான அண்ணி கூட்டிட்டு வந்தேன். பேசாம வீட்டுல கெடந்திருப்பாரு.” மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். “உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா அண்ணி?”

அம்மா அவன் தோளில் கை வைத்தாள்.

“தண்ணி கேட்டாரு” என்றாள். “குடுத்தேன். குடிச்சாரு.”

மகள் அப்போதுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.